கறுப்பு வயர் கடிக்காது

சிவப்பு வயர் கடிக்கும், கறுப்பு வயர் கடிக்காது. நாற்பத்தெட்டு வயது வரைக்கும் இதை நான் வேதவாக்காக நம்பிக்கொண்டிருந்தேன். நம்பினது மட்டுமா, இரண்டு மூன்று பேருக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். அவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். நான் விசாரித்துவிட்டேன்.

போர் முடிந்து ஏழெட்டு வருடம் கழிந்த ஒரு ஒக்டோபர் மாதம், மன்னார்ப் பக்கம் தாழ்வுபாட்டில் என் சொந்த வீட்டு ஹோலில், ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த நம்பிக்கை முடிவுக்கு வந்தது. அதோடு சேர்ந்து நான் முடிந்துபோகாமல் தப்பினதுதான் இந்தக் கதை.

முதலில் என் மின்சார அறிவு எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். நான் பிறந்து வளர்ந்தது இலுப்பைக்கடவைப் பக்கம். எங்கள் வாலிபம் முழுக்க அங்கே கறண்ட் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து இரண்டு வயர் இழுத்து றேடியோவில் பாட்டுக் கேட்ட கூட்டம் நாங்கள். பழைய லொறி பற்றரியில் சின்னச் சின்ன பல்ப் எரித்துக் கலியாணவீடு நடத்தினோம். அந்தக் கலியாணவீடுகளுக்கெல்லாம் வயர் இழுத்த ஆள் நான்தான். மாப்பிள்ளை வந்து சேர முதல் என்னைத் தேடுவார்கள். அப்படி ஒரு மரியாதை!

வயர் உரிப்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் பல்லு. வாயில் வைத்து, கடித்து, ஒரு இழு. மேலே இருக்கிற றப்பர் கழன்று வந்துவிடும். பற்றரியில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். கறுப்பைக் கடித்தால் ஒன்றும் செய்யாது. உண்மையில் சிவப்பைக் கடித்தாலும் ஒன்றும் செய்யாதுதான். ஆனாலும் சிவப்பு ஆபத்தான நிறம் என்று ஒரு மரியாதைக்காக விலகியிருந்தேன். இந்தப் படிப்போடு நான் பட்டம் பெற்றுவிட்டேன்.

பிறகு தாழ்வுபாட்டில் பெண் எடுத்து, கருவாட்டு வியாபாரத்தோடு அங்கேயே தங்கிவிட்டேன். என் மனைவி சின்ன வயசிலிருந்தே வீட்டுக் கறண்டோடு வாழ்ந்தவள். அது எப்படிப்பட்ட சாமான் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டாவதை அவள் வெளியே சொல்வதில்லை.

புது வீடு கட்டியபோது ஹோலுக்கு ஒரு லைற், ஒரு சுவிச். அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து நான் ஒரு ஃபான் வாங்கி வந்தேன். அதற்கு வேறு வயர் இழுக்கவேண்டும், வேறு சுவிச் வைக்கவேண்டும் என்றெல்லாம் யார் கண்டது? மேலே ஏறி, லைற்றின் வயரோடு ஃபானின் வயரையும் முறுக்கிவிட்டு இறங்கினேன். சுவிச்சைப் போட்டேன். லைற்றும் எரிந்தது, ஃபானும் சுற்றியது. கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன்.

அதன் பிறகுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் காற்றும் வாங்கவேண்டும். காற்று வேண்டுமென்றால் வெளிச்சமும் எரியவேண்டும். இரவில் ஃபானுக்குக் கீழே படுப்பதற்கு முதல் நான் கதிரையில் ஏறி, துணியைச் சுற்றிச் சூடான பல்பைக் கழற்றுவேன். விடிய எழும்பித் திருப்பிப் பூட்டுவேன். மற்றவர்கள் படுக்க முதல் செபம் சொல்வார்கள், நான் பல்ப் கழற்றுவேன். ஒருநாள் சுற்றிக்கொண்டிருந்த ஃபான் என் தலைமயிரில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து குனிந்துகொண்டு கழற்றப் பழகினேன்.

இப்படியே காலம் தள்ளியிருப்பேன். ஆனால் செபமாலை மாதம் வந்தது.

எங்கள் ஊரில் ஒக்டோபர் மாதம் மாதா சுரூபம், அதுதான் கோயில் சிலை, வீடு வீடாக வரும். ஒரு நாளுக்கு ஒரு வீடு. பின்னேரம் பாட்டோடு தூக்கிக்கொண்டு வந்து ஹோலில் வைத்து, சனம் எல்லாம் பாயில் இருந்து செபமாலை சொல்லி, அடுத்த நாள் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மாதா வருகிற நாள் அந்த வீட்டுக்காரருக்குப் பெருநாள் மாதிரி. சுவருக்கு வெள்ளை அடிக்கிறவர்களும் உண்டு.

அதற்கு முந்தின வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நடந்ததைக் கேளுங்கள். ஒக்டோபரில் எங்கள் பக்கம் காற்று விழுந்துவிடும். புழுக்கம் என்றால் அப்படி ஒரு புழுக்கம். நாற்பது பேர் ஹோலுக்குள். மாதாவுக்கு முன்னால் ஆறு மெழுகுதிரி கொளுத்தியாயிற்று. வெளிச்சத்துக்காக நான் சுவிச்சைப் போட்டேன். ஃபான் ஒரு சுற்றுச் சுற்றியது, ஆறு மெழுகுதிரியும் ஒரே மூச்சில் அணைந்தன. மாதாவின் தலையில் இருந்த முக்காடு பறந்துபோய்ப் பாட்டுக்காரரின் முகத்தில் விழுந்தது. சுவிச்சை நிப்பாட்டினேன். ஒரே இருட்டு. யாரோ திரும்பவும் மெழுகுதிரி கொளுத்தினார்கள். புத்தகம் பார்த்துப் படிக்கிற இடம் வந்தது, வெளிச்சம் இல்லை, சுவிச்சைப் போட்டேன், மெழுகுதிரி போய்விட்டது. செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொல்லி முடியும்வரை நான் சுவிச்சுக்குப் பக்கத்தில் நின்று போடுவதும் நிப்பாட்டுவதுமாக இருந்தேன். சின்னப்பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் "ஓ" என்று கத்தினார்கள். செபம் முடிந்து போகும்போது மனைவியின் தமக்கை சிரித்துக்கொண்டே சொன்னா:

"அடுத்த முறை உங்கட நாளையும் எங்கட வீட்டிலேயே வைப்பம், தங்கச்சி. பாவம், உங்களுக்கு ஏன் கஷ்டம்?"

அந்தப் "பாவம்" என்ற சொல்லை என் மனைவி ஒரு வருடம் முழுக்க நெஞ்சுக்குள் வைத்திருந்தாள். இந்த வருடம் எங்கள் நாள் வந்ததும் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"சனிக்கிழமை நாலு மணிக்குள்ள லைற் வேற, ஃபான் வேற. இல்லையெண்டால் மாதாவை நேரா அக்கா வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிப்போட்டன். பிறகு என்னோட கதைக்க வேண்டாம்."

"இதென்ன பெரிய வேலை? ரெண்டு வயர், ஒரு சுவிச்" என்றேன்.

"அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

அந்தப் பிள்ளை என்றது எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு பெண். மன்னாரில் வயரிங் படித்து, சான்றிதழ் எடுத்து, மாதா கோயில் மண்டபத்துக்கே வயர் இழுத்தவள். இருபத்துமூன்று வயது. தோளில் ஒரு பை, அதற்குள் ஆயுதங்கள், சைக்கிளில் போய் வருவாள். நான் கலியாணவீட்டுக்கு வயர் இழுத்த காலத்தில் அவள் பிறக்கவே இல்லை. அவளைக் கூப்பிட்டு என் வீட்டுச் சுவிச்சைக் கழற்ற விடுவதா? மானம் இருக்கிறதல்லவா? இருந்தது. அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணி வரை இருந்தது.

மன்னார் ரவுணில் கடைக்குப் போய் இரட்டைச் சுவிச் ஒன்றும், வயரும், சுவரில் ஒட்டுகிற பிளாஸ்டிக் கேசிங்கும் வாங்கினேன். வேலை செய்யப்போவது யார் என்று கடைக்காரர் கேட்டார். "நான்தான்" என்றேன். மிச்சத்தைக் கையில் தரும்போது என் முகத்தை ஒரு தடவை ஆறுதலாகப் பார்த்தார். கடைசியாகப் பார்க்கிற பார்வை அது என்று பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை விடிந்தது. நான் முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மனைவி வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துவிட்டு, சுரூபத்துக்குப் பூக்கட்டக் கோயிலடிக்குப் புறப்பட்டாள். வழக்கமாகப் போகும்போது பத்துப் புத்திமதி சொல்லுவாள். அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. என்னில் நம்பிக்கை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோசப் புளுகம்!

உதவிக்கு மச்சானைப் பிடித்துவைத்திருந்தேன். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கடல் தொழில் செய்கிறவன். படகின் துடுப்பு ஒன்று வெடித்திருந்தது, அதற்குத் தகடு அடிப்பதற்காக எங்கள் வளவுக்குக் கொண்டுவந்திருந்தான். அந்தத் துடுப்பை மறக்காதீர்கள். என் முதுகு இன்னும் மறக்கவில்லை.

"அத்தான், மெயினை நிப்பாட்டினீங்களோ?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"சுவிச் நிப்பாட்டித்தானே கிடக்கு. பிறகென்னத்துக்கு மெயின்?"

"இல்லை, ஆக்கள் மெயினைத்தான் நிப்பாட்டுறவை."

"டேய், நீ மீனைப் பிடி, நான் வயரைப் பிடிக்கிறன்."

அவன் தள்ளி நின்றான். மெயின் சுவிச் கதவுக்கு மேலே, எட்டிப் பார்க்கிற உயரத்தில் இருந்தது. நான் எட்டியும் பார்க்கவில்லை.

பழைய சுவிச்சின் மூடியைக் கழற்றி, சுவிச்சையும் வெளியே எடுத்தேன். உள்ளே இரண்டு வயர். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. பழைய நண்பர்களைக் கண்ட மாதிரி இருந்தது எனக்கு. மச்சானுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். "இஞ்ச பார், இதுதான் சிவப்பு. இதில கை வைச்சால் ஆள் முடிஞ்சுது." சிவப்பை ஒரு குச்சியால் தள்ளி, நுனியில் பிளாஸ்டரை நாலு சுற்றுச் சுற்றிப் பத்திரமாக ஒரு பக்கம் மடித்துவைத்தேன். "இது கறுப்பு. இது ஆட்டுக்குட்டி. கடிக்காது." இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினேன். மச்சானின் கண் விரிந்தது. எனக்கு இன்னும் உற்சாகம் ஏறிவிட்டது.

புதுச் சுவிச்சில் பூட்டுவதற்குக் கறுப்பு வயரின் நுனி கட்டையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் உரிக்கவேண்டும். குறடு வீட்டில் எங்கேயோ கிடந்தது. யார் தேடுவது? வயர் சுவரில் இருந்து நாலு விரல் நீளம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, சுவருக்கு முத்தம் கொடுக்கிறவன் மாதிரி வாயைக் கொண்டுபோய், கறுப்பு வயரைக் கடைவாயில் வைத்து, கலியாணவீட்டுக் காலத்துப் பலத்தோடு ஒரு கடி கடித்தேன்.

அம்மாடி!

தாடையில் தொடங்கி உச்சந்தலை வரைக்கும் ஒரு மின்னல். கண்ணுக்குள் வெள்ளை வெளிச்சம். காது அடைத்துவிட்டது. கால் இரண்டும் தாளம் போடுகின்றன. வாயை எடுக்கப் பார்க்கிறேன், வரவில்லை! வாய் வயரோடு ஒட்டிவிட்டது. "ஆ... ஆ..." என்கிற ஒரே ஒரு எழுத்துத்தான் வாயில் வருகிறது. கறுப்பு கடித்துவிட்டது! நாற்பத்தெட்டு வயது வரை காத்த நம்பிக்கை கடித்துவிட்டது! செத்தேன் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, சந்தோசமாக ஏற்றுக்கொள்ளவும் தயாரானேன், அந்த வலி நின்றால் போதும் என்று.

மச்சானைக் குறை சொல்லக்கூடாது. கறண்டில் பிடிபட்ட ஆளைக் கையால் தொடக்கூடாது, மரத்தால் தட்டித்தான் எடுக்கவேண்டும் என்று அவன் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான். ஓடிப்போய்த் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாதாவே!" என்று கத்திக்கொண்டு என் முதுகில் ஒன்று வைத்தான். சுறாவுக்கு அடிக்கிற அடி. நான் சுவரை விட்டு, அலுமாரியில் மோதி, தரையில் விழுந்தேன்.

எனக்கு அது துடுப்பு என்று தெரியாது. கறண்ட் தூக்கி எறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆட்களை அது எறியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எறிந்தது எனக்குப் பிடித்தும் இருந்தது. கறண்டே என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது அல்லவா?

மச்சான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. என்னைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து மணலில் கிடத்தினார்கள். கறண்ட் மண்ணுக்குள் இறங்கவேண்டும் என்று ஒருவர் என் காலை முழங்கால் வரைக்கும் மணலால் மூடினார். இரண்டு பெண்கள் நல்லெண்ணெய் பூசிக் கையைத் தேய்த்தார்கள். ஒருத்தி என் வாயைத் திறக்கப் பார்த்தாள். நான் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் உயிர் போய்விடும் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். சனத்துக்கு நடுவில், எங்கள் ஊரில் எல்லா வளவுக்குள்ளும் கேட்டுக் கேள்வி இல்லாமல் வருகிற கழுதைகளில் ஒன்று, தலையை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியாகப் பார்க்கிற முகம் இதுவா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பங்குச் சுவாமியைக் கூப்பிடுங்கோ" என்றேன். பல்லைத் திறக்காமலே சொன்னேன்.

"சுவாமி மன்னாருக்குப் போயிட்டார். பின்னேரம் மாதாவோடதான் வருவார்" என்றார்கள்.

பின்னேரம் வரை நான் தாங்கமாட்டேன் என்று எனக்கு நிச்சயம். பாவசங்கீர்த்தனம் செய்யாமல் பாவத்தோடு போகவும் பயம். என்ன செய்வது? பக்கத்தில் குந்தியிருந்த மச்சானின் கையைப் பிடித்தேன்.

"மச்சான், உன்ர புது வலையை நாய் கிழிக்கேல்லை. நான்தான். மோட்டச்சைக்கிளைப் பின்னுக்கு எடுக்கேக்க சில்லுக்குள்ள போயிட்டுது. மன்னிச்சிடடா."

மச்சானின் முகத்தில் கண்ணீர் நின்றது. நின்ற கண்ணீருக்குப் பின்னால் வேறு ஒன்று மெல்ல வந்தது. ஏனென்றால் அந்த நாயை அவன் நல்லாய் அடித்துத் துரத்தியிருந்தான்.

"அத்தான், நீங்கள் முதல்ல பிழையுங்கோ. பிறகு கதைப்பம்" என்றான்.

இதற்கிடையில் ஒரு பெண் கோயிலடிக்கு ஓடியிருக்கிறாள். "அக்கா, உங்கட மனுசனுக்குக் கறண்ட் அடிச்சிட்டுது, ஆள் மணலில கிடக்கு!" என்று மூச்சு வாங்கச் சொல்லியிருக்கிறாள். பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் குளறி எழும்பிவிட்டார்களாம். என் மனைவி எழும்பவில்லை. "கறண்டோ? இருக்காது. அந்த நூலை இஞ்ச தாங்கோ" என்று கேட்டு வாங்கி, மாலையின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் எழும்பினாளாம். இந்தக் கதையை அந்தப் பெண் இன்றைக்கும் ஊருக்குச் சொல்லித் திரிகிறாள்.

என் மனைவி வந்து சேர முதல் வயரிங் பிள்ளை வந்துவிட்டாள். யாரோ கூப்பிட்டிருந்தார்கள். சைக்கிளைப் போட்டுவிட்டு என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். நெஞ்சில் காது வைத்தாள். நேரே வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்று, கையில் டெஸ்டரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"மாமா, உங்களுக்கு எந்தக் கறண்ட் அடிச்சது? வீட்டில கறண்டே இல்லையே. மெயின் கீழ இறக்கிக் கிடக்கு."

மணலைச் சுற்றி நின்ற சனம் முழுக்க என்னைப் பார்த்தது. கழுதையும் பார்த்தது.

"அப்ப என்னைத் தூக்கி எறிஞ்சது என்ன?" என்றேன்.

மச்சான் துடுப்பைத் தனக்குப் பின்னால் மறைத்தான்.

"வாயைத் திறவுங்கோ பாப்பம்" என்றாள் அந்தப் பிள்ளை. டோர்ச் அடித்துப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவதற்குப் பெரிய பாடுபட்டாள் பாவம். ஆறு மாதமாக மனைவி "டொக்டரிட்டப் பல்லைக் காட்டுங்கோ, பல்லைக் காட்டுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்த என் சொத்தைக் கடைவாய்ப்பல்லுக்குள், ஒரு சின்னச் செப்புக் கம்பி நட்டுக்கொண்டு நின்றதாம். கடித்தபோது கம்பி ஓட்டைக்குள் இறங்கி நரம்பில் குத்திச் சிக்கிவிட்டது. அதுதான் வாய் ஒட்டினது. துடுப்படியில் கம்பி அறுந்து, நுனி பல்லோடு வந்துவிட்டது.

சனம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எண்ணெய் தேய்த்தவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். காலை மூடியவர் மணலைத் தட்டிவிடக்கூட இல்லை. நானும் சிரித்தேன். எழும்பி மணலை உதறினேன். மெயின் போட்டிருந்தாலும் கறுப்பு கடித்திருக்காதுதானே, நான் சொன்னது சரிதானே என்று வாயை வேறு திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். கையில் பூமாலைப் பெட்டி.

"காலமை நீங்கள் தேத்தண்ணி குடிக்கேக்க நான்தான் மெயினை நிப்பாட்டினனான்" என்றாள், நெத்தலி விலை சொல்கிற மாதிரி.

"சொல்லியிருக்கலாம்தானே!"

"சொன்னால் திருப்பிப் போட்டிருப்பீங்கள்."

போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன். மனைவி என்னைப் பயந்தவன் என்று நினைக்கக்கூடாது என்பதற்காகவே போட்டிருப்பேன்.

வயரிங் பிள்ளை இதில் சிரிக்கவில்லை. "மாமா, உள்ளுக்கு வாங்கோ, ஒண்டு காட்டவேணும்" என்றாள். எங்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொன்னாள். நான் சுற்றிவைத்த பிளாஸ்டரைக் கழற்றி, இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முட்டாமல் விலக்கிவைத்தாள். கதிரையில் ஏறி மெயினைப் போட்டாள். டெஸ்டரைக் கொண்டுபோய்ச் சிவப்பில் வைத்தாள். ஒன்றும் இல்லை. கறுப்பில் வைத்தாள். டெஸ்டருக்குள் சின்னதாக ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் எரிந்தது.

"சுவிச்சுக்கு வாற ரெண்டும் கறண்ட் வயர்தான். ஒண்டு கறண்டைக் கொண்டு வரும், மற்றது மேல பல்புக்குக் கொண்டு போகும். நிறத்தைப் பாத்து நம்பேலாது, பூட்டினவர் எப்பிடியும் பூட்டியிருப்பார். உங்கட வீட்டில கொண்டு வாறது கறுப்பு." டெஸ்டரைக் கறுப்பில் வைத்தபடியே சொன்னாள்: "சுவிச் நிப்பாட்டி இருந்தாலும் இதில எப்பவும் கறண்ட் நிக்கும், மாமா. இதைப் போய்ப் பல்லால கடிச்சிருக்கிறீங்கள்."

"வாயிலயா வைச்சனீங்கள்?" என்று மனைவி கேட்டாள். அவளுக்கு அந்தப் பகுதி அதுவரை தெரியாது. கைப்பிழை விடுவேன் என்றுதான் மெயினை இறக்கியிருந்தாள். ஈர வாயோடு, வெறுங்காலோடு, சுவரில் கை ஊன்றி நிற்பேன் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. பூப்பெட்டியை மேசையில் வைக்கப் போனவள் மேசை எது என்று தெரியாமல் அப்படியே தரையில் இருந்துவிட்டாள். கோயிலடியில் கடைசி முடிச்சையும் போட்டுவிட்டுத்தான் எழும்பினவள்.

நான் வாழ்நாளில் பகிடி விடாமல் நின்ற இடங்கள் குறைவு. செத்தவீட்டிலும் ஒன்று விட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சின்ன வெளிச்சத்துக்கு முன்னால் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு தண்ணிச் செம்பை எடுத்துக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் இரண்டு மிடறு குடித்துவிட்டு என்னிடம் தந்தாள். நானும் குடித்தேன். பல் கூசியது.

பிறகு அந்தப் பிள்ளை மெயினை இறக்கி, இறக்கியதற்குப் பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்து, வேலையைத் தொடங்கினாள். நான்தான் உதவியாள். "மாமா, கதிரையைப் பிடியுங்கோ. மாமா, குறடைத் தாங்கோ." தந்தேன். மேலே ஏறி, நான் முறுக்கி வைத்திருந்த லைற்றையும் ஃபானையும் பிரித்தாள். ஃபானுக்கென்று ஒரு புது வயரைக் கேசிங்குக்குள்ளால் சுவிச் வரைக்கும் இறக்கினாள். கொண்டு வருகிற வயரிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்து இரண்டு சுவிச்சுக்கும் கொடுத்தாள். பழைய வயர் லைற்றுக்கு, புது வயர் ஃபானுக்கு. இவ்வளவுதான் வேலை. வயர் உரிக்கும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளிடம் வயர் உரிக்கிறதுக்கென்றே ஒரு குறடு இருந்தது. பல்லு மாதிரியே வேலை செய்கிறது!

மூன்று மணிக்கு மெயினைப் போட்டு, "இப்ப அமத்துங்கோ மாமா" என்றாள். நான் கையை நீட்டினேன், எடுத்தேன், திரும்ப நீட்டினேன். மனைவி வந்து என் விரலைப் பிடித்து வைத்து அமத்தினாள். லைற் எரிந்தது. ஃபான் அசையவில்லை! மற்றதை அமத்தினோம். ஃபான் சுற்றியது. லைற்றை நிப்பாட்டினோம். ஃபான் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் கைதட்டினேன். இந்த முறை எல்லாரும் தட்டினார்கள்.

பின்னேரம் மாதா வந்தா. லைற் எரிந்தது, ஆறு மெழுகுதிரியும் நிமிர்ந்து நின்றன, முக்காடு இருந்த இடத்தில் இருந்தது. தமக்கை வந்து கூரையை ஒரு தடவை, சுவிச்சை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பாயில் இருந்தா. மனைவி முழங்காலில் நின்ற விதத்திலேயே தெரிந்தது, அந்தப் "பாவம்" என்ற சொல் இறங்கிவிட்டது என்று. எல்லாம் நல்லாய்ப் போய்க்கொண்டிருந்தது. மன்றாட்டுச் சொல்கிற நேரம் வந்தது. யாருக்காவது வேண்டுதல் கருத்து இருந்தால் சொல்லலாம் என்றார் சுவாமி. மச்சான் கையைக் கூப்பிக்கொண்டு எழும்பினான்.

"வலையைக் கிழிச்சுப்போட்டு நாயில பழி போட்ட பாவிகளுக்காகவும் மன்றாடுவோம்."

ஹோல் முழுக்க, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நானும் சொன்னேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். அடுத்த கிழமை மூன்று பின்னேரம் அவன் வளவில் இருந்து அந்த வலையைப் பொத்திக் கொடுத்தேன். நாய்க்கும் இரண்டு முறை மீன் கொண்டுபோனேன். அது என்னை மன்னித்ததா தெரியவில்லை.

திங்கட்கிழமை பல்லைப் பிடுங்கினார்கள். செப்புக் கம்பியோடு அதை ஒரு போத்தலில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்குக் காட்டுவேன். மாதா வந்த நாளில் நடந்த புதுமை, மாதாவின் அற்புதம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டுச் சும்மா இருப்பேன். ஆனால் இத்தனை வருடம் கழிந்தும், அந்த இரட்டைச் சுவிச்சில் எதை அமத்தப் போனாலும் என் கை ஒரு நொடி நிற்கிறது. அந்த நொடியில் நினைவு வருவது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குக் காலை நான் முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, மெயின் சுவிச்சைக் கீழே இறக்கிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பூக்கட்டப் போனாள்.